பிளக் இல்லாத கொட்டகையில் நிற்கும் கார்: பேட்டரியை உயிரோடு வைத்திருப்பது எப்படி

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் ஒரு கார் நிற்கிறது. நான் இருப்பது சென்னையில். பொங்கல், மாசிச் சாமி கும்பிடு, இடையில் ஒரு கல்யாணம் என்று வருடத்துக்கு நான்கைந்து முறை ஊருக்குப் போவேன். மற்ற நாட்களில் வண்டி, வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளிப் போட்ட தகரக் கொட்டகையில் தூங்கும். கொட்டகைக்கு மின்சாரம் இழுக்கவில்லை. வீட்டிலும் பூட்டிக் கிளம்பும்போது மெயினை இறக்கிவிட்டுத்தான் வருவோம். முதல் இரண்டு வருடங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். பேருந்தை விட்டு இறங்கி, பையை வைத்துவிட்டு, ஆசையாகச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. மூன்றாவது முறை வந்த மெக்கானிக் சிரித்துவிட்டார். "அண்ணே, நீங்கள் பேட்டரி வாங்குகிற காசுக்கு வாடகைக் காரே வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

அதன்பிறகு நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஊரில் விட்டுச் செல்லும் வண்டி, அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளியில் பிளக் வசதி இல்லாமல் நிற்கும் வண்டி, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு சோலார் பேனல் தேவைப்படாது. ஒரு ஸ்பேனர் போதும். எது வேண்டும் என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சார்ஜ் எங்கே போகிறது?

நிற்கும் வண்டியின் பேட்டரி ஓட்டைக் குடம் மாதிரி. ஓட்டைகள் இரண்டு. முதலாவது, பேட்டரி எதனோடும் இணைக்கப்படாமல் சும்மா இருந்தாலும் தானாகவே இழக்கும் சார்ஜ். நல்ல ஈய-அமில பேட்டரி 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம் இழக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த இழப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. சாவியை எடுத்த பிறகும் காரில் சில உறுப்புகள் விழித்தே இருக்கின்றன: கடிகாரம், திருட்டு எச்சரிக்கை அமைப்பு, ரிமோட் சாவியின் அழைப்புக்குக் காத்திருக்கும் பகுதி, எஞ்சின் கணினியின் நினைவகம். சாதாரணக் காரில் இவை எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். பார்க்க அற்பமான அளவு. ஆனால் 30 மில்லிஆம்பியர் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகிறது. சிறிய பெட்ரோல் கார்களில் பொதுவாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அதில் பாதி காலியாக 24 நாட்கள் போதும். பாதிக்குக் கீழே போன பழைய பேட்டரி ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற மறுத்துவிடும்.

இதில் வண்டி வாங்கிய பின் நாம் மாட்டிய சாமான்கள் சேர்ந்துவிட்டால் கணக்கே மாறும். நிறுத்திய பிறகும் படம் பிடிக்கும் டேஷ் கேமரா, இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி, மட்டமாக ஒயரிங் செய்த ஸ்டீரியோ ஆகியவை முக்கியக் குற்றவாளிகள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் பேட்டரியைத் தின்னும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அது காரின் மின்சாரத்தோடு இணைக்கப்படவே இல்லை.

சார்ஜ் குறைந்தால் வந்து ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேட்டரி சார்ஜ் இறங்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகம் இறுகி, பிறகு எந்த சார்ஜருக்கும் மசியாது. என் முதல் இரண்டு பேட்டரிகள் செத்தது இப்படித்தான்.

முதலில் வோல்ட்டேஜை அளங்கள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் இது ஒன்றுதான். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் பானெட்டைத் திறந்து, மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ் டெர்மினலிலும் கறுப்பு முனையை மைனஸ் டெர்மினலிலும் தொடுங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல்: நிறைந்த பேட்டரி.
12.4: முக்கால்.
12.2: பாதி.
12.0: கால்.
11.8 அல்லது அதற்குக் கீழ்: காலி.

ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள சில கார்களில் வரும் ஏஜிஎம் வகை பேட்டரிகளில் இந்த எண்கள் சற்று உயர்ந்திருக்கும். நாம் காக்க வேண்டிய எல்லை 12.4. அதற்குக் கீழே நெடுநாள் கிடக்க விடக்கூடாது.

உங்கள் எண் இப்போதே 12.2-க்குக் கீழே இருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, பேட்டரியைக் கழற்றி ஊரில் உள்ள பேட்டரிக் கடையில் கொடுங்கள். ஓர் இரவு வைத்திருந்து முழு சார்ஜ் ஏற்றித் தருவார்கள். செல்களின் நிலையையும் சோதித்துச் சொல்வார்கள். சிறிய சோலார் பேனலின் வேலை நிறைந்த குடத்தைத் தளும்பாமல் வைத்திருப்பது. காலிக் குடத்தை நிரப்புவது அல்ல. நான்கு வருடம் ஓடிய பேட்டரியாக இருந்து, கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினால், புதியது வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிறகு கசிவை அளங்கள்

இதற்கு ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். பெரும்பாலான கார்களில் டெர்மினல் நட்டு அந்த அளவுதான். கைக்கடிகாரம், மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மைனஸ் டெர்மினலைத் தளர்த்தி கேபிளை வெளியே எடுங்கள். எப்போதும் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருப்பும் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியே பாயும். தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் ஒட்டிக்கொண்டு பழுக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

மீட்டரை 10 ஆம்பியர் டிசி அளவுக்குத் திருப்பி, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். ஒரு முனையைக் கழற்றிய கேபிளிலும் மறு முனையை மைனஸ் டெர்மினலிலும் வையுங்கள். கதவுகள் பூட்டியிருக்க வேண்டும். ரிமோட் சாவி நல்ல தூரத்தில் இருக்க வேண்டும். முதலில் பெரிய எண் காட்டும், பயப்பட வேண்டாம். காரின் கணினிகள் உறங்க அரைமணி நேரம்கூட ஆகும். அதன்பிறகு நிலைத்து நிற்கும் எண்தான் உங்கள் கசிவு. மீட்டர் இணைந்திருக்கும்போது எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அதற்கு மேல் போனால், பின்னால் மாட்டிய கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். என் வண்டியில் 85 காட்டியது. டேஷ் கேமராவை எடுத்ததும் 28-க்கு இறங்கியது. ஆள் இல்லாத கொட்டகையில் அது இரவு பகலாக ஒரு தகரச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இனி முடிவெடுங்கள்

இரண்டு வாரம் நிற்கப் போகிற வண்டிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை என்றால், நல்ல பேட்டரியாக இருந்தால், மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போங்கள். பெரிய ஓட்டை அடைபட்டுவிட்டது. சிறியது மட்டும் மிச்சம். கழற்றிய கேபிள் தானாகத் திரும்பி வந்து டெர்மினலைத் தொடாதபடி பழைய துணி சுற்றி ஓரமாக ஒதுக்கிக் கட்டுங்கள்.

இதில் சில தொல்லைகள் உண்டு. திருட்டு அலாரம் வேலை செய்யாது. ரிமோட்டில் கதவு திறக்காது. ஆகவே சாவித் துவாரத்தில் நுழையும் உண்மையான சாவி கையில் இருக்க வேண்டும். சாவி இல்லாத வகை ரிமோட்டுக்குள்ளும் ஒரு சிறு சாவி ஒளிந்திருக்கும். அதை எப்படி வெளியே எடுப்பது என்று இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில், டிக்கி மின்சாரத்தால் மட்டும் திறக்கும் என்றால், கழற்றிவிட்டு மூடிவிடாதீர்கள். திரும்ப மாட்டும்போது கடிகாரம் பூஜ்யத்தில் இருக்கும், சில ஸ்டீரியோக்கள் ரகசிய எண் கேட்கும், ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னல் கண்ணாடி தன் பழக்கத்தை மறந்திருக்கும். அதற்கெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டில் வழி இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும், அல்லது அலாரமும் ஜிபிஎஸ் கருவியும் விழித்தே இருக்க வேண்டும் என்றால் சோலார்தான் வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. சிறிய காரின் பேட்டரி ஏறக்குறைய பத்து கிலோதான். அதைக் கழற்றி, மின்சாரம் உள்ள உறவினர் வீட்டில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றச் சொல்லலாம். சொல்லலாம்தான். எங்கள் சித்தப்பா இரண்டாவது மாதமே மறந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடச் சொல்வது நம் ஊர்களில் பரவலான வழக்கம். நான் இதற்கு எதிரி. நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமினால், வாரம் முழுக்கக் கசிந்த சார்ஜ் முழுதாகத் திரும்பாது. நிறையப் போகும் தறுவாயில் பேட்டரி மிக மெதுவாகத்தான் சார்ஜை வாங்கும். எஞ்சினும் முழுச் சூட்டுக்கு வருவதில்லை, சைலன்சருக்குள் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். அந்தப் பையனுக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிவரச் சொல்லுங்கள். பேட்டரியோடு டயர், பிரேக், ஏசி எல்லாமே பிழைக்கும். பூட்டிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள்.

சோலார் வைப்பது

என்னென்ன வேண்டும்: 12 வோல்ட் அமைப்புக்கான 10 அல்லது 20 வாட் பேனல், சிறிய சார்ஜ் கன்ட்ரோலர், 5 ஆம்பியர் ஃபியூஸ் அதன் கூட்டோடு, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தேவையான நீளம், டெர்மினலில் மாட்ட வளைய முனைகள் இரண்டு, இழுத்தால் கழன்றுவரும் இரண்டு முனைச் செருகி ஒன்று.

கணக்கு எளிது. 10 வாட் பேனல் நல்ல வெயிலில் ஏறக்குறைய 17 அல்லது 18 வோல்ட்டில் அரை ஆம்பியர் தரும். தமிழ்நாட்டு வெயிலில் நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று வைத்தாலே 2 ஆம்பியர்-மணி. தூசி, சூடு, கன்ட்ரோலர் தனக்கென்று எடுத்துக்கொள்வது எல்லாம் போக ஒன்றரை மிஞ்சும். கசிவு 0.72. ஆகவே சிறிய காருக்கு 10 வாட் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் நினைத்துத்தான் நான் 20 வாட் வாங்கினேன். பெரிய டீசல் வண்டிக்கோ கசிவு அதிகமுள்ள வண்டிக்கோ 20-க்குக் குறைய வேண்டாம்.

டேஷ்போர்டில் வைத்து சிகரெட் லைட்டர் துளையில் செருகும் இரண்டு வாட் குட்டிப் பேனல்களை வாங்கி ஏமாறாதீர்கள். கண்ணாடி ஒரு பகுதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். கொட்டகைக்குள் வெயிலே வராது. பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்தத் துளைக்கே இணைப்பு அறுந்துவிடும், எனவே பேனல் தருவது பேட்டரிக்குப் போய்ச் சேராது. பேனல் இருக்க வேண்டிய இடம் கொட்டகையின் கூரை.

கூரையில் தெற்கு பார்த்து, பத்துப் பதினைந்து டிகிரி சரிவில் பொருத்துங்கள். நம் அட்சரேகையில் சூரியன் உச்சியை ஒட்டியே போவதால் சரிவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்குச் சரிவு இருந்தால் சரி. தகரத்தோடு ஒட்டிப் பதிக்காமல், காற்று போக ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சூடேறிய பேனல் குறைவாகத்தான் தரும். நிழல்தான் இதற்குப் பெரிய எதிரி. தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே பேனலின் உற்பத்தி சரிந்துவிடும், ஏனென்றால் அதன் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் போய் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுங்கள்.

கன்ட்ரோலர் எதற்கு? வெயிலில் திறந்த பேனலின் இரு முனைகளுக்கிடையே 21 வோல்ட் வரை இருக்கும். அதை மாதக்கணக்கில் நேராக பேட்டரியில் விட்டால் நீர் வற்றி, பேட்டரி வெந்துபோகும். கன்ட்ரோலர் 14.4 வோல்ட் அளவில் ஏற்றத்தை மட்டுப்படுத்தி, பிறகு 13.6-ஐ ஒட்டி நிறுத்தி வைக்கும். இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்குச் சார்ஜ் திரும்பிப் போகாமலும் தடுக்கும். வாங்கியதும் அதில் பேட்டரி வகையை ஈய-அமிலம் என்று தேர்ந்தெடுங்கள், லித்தியத்தில் விட்டுவிடாதீர்கள். பல்பு படம் போட்ட முனைகள் நமக்குத் தேவையில்லை.

இணைக்கும் வரிசை முக்கியம். வேலை முடியும் வரை ஃபியூஸைக் கூட்டில் போடாதீர்கள். பேட்டரியின் பிளஸ் டெர்மினலில் ஒரு வளைய முனை; அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் கூடு. ஒயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் வண்டி எரியாமல் காப்பது இந்த ஃபியூஸ்தான், அதனால் அதை பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், கன்ட்ரோலர் அருகில் அல்ல. மைனஸ் டெர்மினலில் மற்ற வளையம். மைனஸ் டெர்மினலின்மேல் சிறு கறுப்புப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தால் அது பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார். அப்படிப்பட்ட வண்டியில் மைனஸ் வளையத்தை, பாடியில் எர்த் கேபிள் இணையும் போல்ட்டில் மாட்டுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கையேடு சொல்லாத எதையும் தொட வேண்டாம்.

இந்த இரண்டு ஒயர்களும் முன் கிரில் வழியாக வெளியே வந்து செருகியில் முடியட்டும். பானெட் விளிம்பில் நசுங்கக் கூடாது. செருகியின் மறுபாதியிலிருந்து கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளுக்கு ஒயர் போகும். கன்ட்ரோலர் சுவரில், மழை படாத இடத்தில். இப்போது செருகியை இணைத்து ஃபியூஸைப் போடுங்கள். கன்ட்ரோலர் கண் விழித்து பேட்டரி வோல்ட்டேஜைக் காட்டும். அதன்பிறகே பேனல் ஒயர்களை, பிளஸ் மைனஸை மீட்டரில் சரிபார்த்து, மாட்ட வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில், பேட்டரி பிறகு. மலிவான கன்ட்ரோலர்கள் பலவற்றில் பேனலுக்கும் பேட்டரிக்கும் உள்ளே ஒன்றாக இணைந்திருப்பது பிளஸ் முனை, மைனஸ் அல்ல. ஆகவே பேனலின் மைனஸ் ஒயரைக் கார் பாடியோடு எங்கும் இணைக்காதீர்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் பேட்டரி டெர்மினலில் அளந்து பாருங்கள். 13.5-க்கும் 14.4-க்கும் இடையில் இருந்தால் எல்லாம் சரி. காலையில் காட்டிய எண்ணே நிற்கிறது என்றால் ஃபியூஸையும் செருகியையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் கன்ட்ரோலர் கெட்டது. உடனே பேனலைக் கழற்றிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்

டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துலக்கி, காயவைத்து, வாசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரைக் குறித்த மட்டம் வரை ஊற்றுங்கள். கிணற்று நீரும், கடையில் விற்கும் குடிநீரும் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், கொட்டகைக்குக் காற்றோட்டம் வேண்டும். அமிலம் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பேனலைத் துடைக்கவும், காக்கை எச்சத்தை நீக்கவும் மாதம் ஒருமுறை யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். இது பக்கத்து வீட்டுப் பையன் ஒழுங்காகச் செய்யும் வேலை. எலி ஒயரைக் கடிக்காதபடி வெளியே தெரியும் பகுதியை பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. ஓர் அட்டையில் 'செருகியைக் கழற்று' என்று பெரிதாக எழுதி ஸ்டீரிங்கில் தொங்கவிட்டுப் போங்கள். சோலார் வைத்த பிறகு முதல் தடவை ஊருக்குப் போனபோது வண்டி முதல் திருப்பலிலேயே உயிர் பெற்றது. அந்தப் பூரிப்பில் நேராகப் பின்னால் எடுத்தேன். செருகி, வாங்கியபடியே, இழுத்ததும் கழன்று கொடுத்தது. ஆனால் நான் கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒயரையும் கிரில்லில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தேன். கன்ட்ரோலர் சுவரை விட்டுப் பிய்ந்து, வண்டிக்கு முன்னால் தரையில் இழுபட்டு வந்தது.